வலிமையான ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு எளிய மருந்துக்கு மாற்றுவது சரியா? டயாலிசிஸ் நோயாளியின் இரத்தத் தொற்று குறித்து

தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு ஒன்பது மாதங்களாக வாரம் 3 முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா முதிராமல் அடைத்துக்கொண்டதால், கழுத்து வழியாகச் செலுத்திய பெர்ம்கேத் என்ற குழாய் மூலமே இரத்தம் எடுக்கிறார்கள். இந்த ஒன்பது மாதங்களில் இரண்டு முறை, டயாலிசிஸ் தொடங்கிய அரை மணி நேரத்தில் அவருக்குக் கடும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. இரண்டு முறையும் அந்த மையத்திலேயே வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு தவணை ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியதால் நாங்களும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. இரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பவில்லை என்பதே இப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

மூன்றாவது முறை காய்ச்சல் இறங்காததால் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் நாளே இரத்தம் எடுத்துவிட்டு, வான்கோமைசினோடு இன்னொரு மருந்தையும் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்றும், அது மெத்திசிலின் என்ற பென்சிலின் குடும்ப மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றும் இருந்தது. உடனே வான்கோமைசினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டயாலிசிஸின் முடிவிலும் செஃபாசோலின் போடுவதாகச் சொல்கிறார்கள். பெர்ம்கேத்தையும் எடுத்துவிட வேண்டுமாம். பெரிய மருந்துக்கே மூன்று முறை அடங்காத கிருமிக்குச் சாதாரண மருந்து போதுமா? அக்காவின் பழைய கோப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்றும் எழுதியிருக்கிறது. செஃபாசோலினும் அதே குடும்பம் என்று படித்ததிலிருந்து எங்களுக்கு உறக்கம் இல்லை.

அகல் எழுதியது:

தாழை, நான் தொற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன். உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை என்பதால் அவருக்கான முடிவை இங்கிருந்து சொல்ல இயலாது. ஆனால் பெரிய மருந்து, சாதாரண மருந்து என்ற அந்தப் பிரிவினையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

வான்கோமைசின் 1958 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. மெத்திசிலின் அதற்கு அடுத்த ஆண்டே வந்து, வான்கோமைசினை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டது. 1961-லேயே மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். பென்சிலின் குடும்ப மருந்துகள் பற்றிக்கொள்ளும் புரதத்துக்குப் பதிலாக, அவற்றுக்குப் பிடிகொடுக்காத வேறொரு புரதத்தை அந்தக் கிருமி தயாரித்துக்கொள்கிறது. இவ்வகைக் கிருமிகள் பெருகியபோது மீண்டும் தேவைப்பட்டதால்தான் வான்கோமைசினுக்குக் 'கடைசி ஆயுதம்' என்ற பெயர் வந்தது. எதிர்ப்புள்ள கிருமியின் மீதும் அது வேலை செய்கிறது என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். எல்லாக் கிருமிகளையும் அதிக வேகத்தில் கொல்லும் என்பது அதற்குப் பொருளன்று. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸை அது செஃபாசோலினை விட மெதுவாகவே கொல்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் இத்தகைய இரத்தத் தொற்றை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வான்கோமைசின் பெற்றவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கும், செஃபாசோலின் பெற்றவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கும் சிகிச்சை தோல்வியடைந்திருந்தது. ஆகவே உங்கள் மருத்துவர்கள் செய்த மாற்றம் பின்வாங்கல் ஆகாது. அறிக்கை கைக்கு வந்த பிறகு இலக்கைப் பார்த்து எய்கிறார்கள்.

பென்சிலின் ஒவ்வாமை பற்றி: அப்படிக் கோப்பில் குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்காவது ஒவ்வாமை இருப்பதில்லை. செஃபாசோலினின் பக்கச்சங்கிலி பென்சிலின்களிலிருந்து வேறுபட்டது என்பதால், உண்மையான பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். எனினும் அக்காவுக்கு அப்போது என்ன நேர்ந்தது, வெறும் தடிப்பா, மூச்சுத் திணறலா, தோல் உரிந்ததா, எந்த வயதில், எந்த மருந்துக்குப் பிறகு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக் குறிப்பால் நல்ல மருந்து கிடைக்காமல் போன நோயாளிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெடுவழி எழுதியது:

அகல் ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் 'அறிக்கை வரும்வரை பொறுத்திருந்து மருந்து போட வேண்டும்' என்று எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். என் மனைவிக்கு நடுக்கம் வந்தபோது, தேவையின்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எதிர்ப்பு வளரும் என்று சொல்லி மருந்தே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் இரவுக்குள் இரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் கிடந்தார். பிழைத்து வந்தார் என்பதால் இன்று இதை எழுதும் மனநிலை எனக்கு இருக்கிறது. கழுத்தில் குழாயோடு இருக்கும் ஒருவருக்கு நடுக்கம் வந்தால், அதைத் தொற்று என்றே கருதி அந்த மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதை யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

வெண்பஞ்சு எழுதியது:

நான் சொல்கிறேன். டயாலிசிஸ் செவிலியராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். நெடுவழி அண்ணா சொல்வது முற்றிலும் சரி, அகல் ஐயா சொல்வதும் சரி. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஐந்து நிமிட வேலை. முதல் தவணைக்கு முன் இரண்டு முறை இரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களில் செலுத்திவிட்டால், அடுத்த கணமே மருந்தை ஏற்றலாம். கை நரம்புகளைப் பிற்கால ஃபிஸ்டுலாவுக்காகக் காக்க வேண்டியிருப்பதாலோ, நரம்பே கிடைக்காததாலோ, புறத்தே குத்தி எடுக்க இயலாதபோது டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும் குழாய்ச் சுற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மருந்து ஏறிய பிறகு எடுக்கும் இரத்தத்தில் கிருமி வளராமல் போனால், அது கிருமி இல்லாததாலா, மருந்து ஏறியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு எளிதானது ஏன் நடப்பதில்லை என்று தாழை கேட்கக்கூடும். தனித்து இயங்கும் மையங்கள் பலவற்றில் ஆய்வகம் கிடையாது. பாட்டிலை வெளியே அனுப்ப வேண்டும். இரவுச் சுற்றில் அனுப்ப ஆள் இருக்காது. அறிக்கை வரும்போது நோயாளி வேறு சுற்றில் இருப்பார், அதைப் பார்க்க வேண்டிய மருத்துவரும் மாறியிருப்பார். அலமாரியில் வான்கோமைசின் எப்போதும் இருக்கும், கல்ச்சர் பாட்டில் காலாவதியாகிக் கிடக்கும். என் தொடக்க ஆண்டுகளில் நானும் இரத்தம் எடுக்காமல் பலருக்கு அந்த ஒற்றைத் தவணையை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் இறங்கி அவர்கள் நன்றி சொன்னபோது, நல்லது செய்ததாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்று எனக்குக் கற்றுத்தந்தவர்கள், மூன்று வாரம் கழித்து அதைவிட மோசமான நிலையில் திரும்பி வந்த நோயாளிகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உடல் வெப்பம் இயல்பாகவே சற்றுக் குறைவாக இருக்கும், காய்ச்சல் முழுதாக ஏறாது. வெப்பமானி 37.6 டிகிரி செல்சியஸ் மட்டுமே காட்டினாலும், நடுக்கமோ புதிதாக வந்த குழப்பமோ காரணமில்லாத இரத்த அழுத்த வீழ்ச்சியோ இருந்தால் சொல்லிவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

தாழை எழுதியது:

மனமார்ந்த நன்றி. ஒவ்வாமை பற்றி அம்மாவிடம் கேட்டேன். அக்காவுக்கு ஆறு வயதில் தொண்டைப்புண்ணுக்கு மருந்து கொடுத்தபோது உடம்பில் தடிப்பு வந்து இரண்டு நாளில் மறைந்ததாம், அவ்வளவுதான். இதை மருத்துவரிடம் சொன்னோம். கண்காணிப்போடு செஃபாசோலின் முதல் தவணை போட்டார்கள், எந்தத் தொந்தரவும் இல்லை.

இப்போது என் மனத்தை உறுத்துவது வேறு. முன்பு இரண்டு முறை ஏற்றிய அந்த ஒற்றைத் தவணைகளால் அக்காவின் உடலில் எதிர்ப்புக் கிருமிகள் உருவாகியிருக்குமா?

அகல் எழுதியது:

நேர்மையான பதில்: அக்காவின் தற்போதைய கிருமி எதிர்ப்பற்றது என்று அறிக்கையே சொல்கிறது, அந்த அளவில் ஆறுதல் கொள்ளுங்கள். ஆனால் கேள்வி முக்கியமானது. டயாலிசிஸ் நோயாளிகளின் கதையும் வான்கோமைசின் எதிர்ப்பின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது வான்கோமைசின் உடலை விட்டு எளிதில் வெளியேறாது. பழைய வகை டயாலிசிஸ் வடிகட்டிகளின் நுண்துளைகளிலும் இந்தப் பெரிய மூலக்கூறு அதிகம் நுழையாது. ஆகவே வாரம் ஒரு முறை போட்டாலே போதும் என்ற நிலை இருந்தது. வேறெந்த மருந்திலும் கிடைக்காத வசதி இது: நோயாளி வீட்டில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், நரம்பு தேட வேண்டாம், டயாலிசிஸ் இருக்கையிலேயே முடிந்துவிடும். அந்த வசதியே தேவையற்ற இடங்களிலும் அதைக் கைக்கு எட்டிய மருந்தாக்கியது. ஒற்றைத் தவணை கொடுத்து நிறுத்தும்போது மருந்தின் அளவு பல நாட்களுக்கு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கப் போதுமான அளவில் அது நீண்ட நேரம் நிற்கும். இப்போதைய வடிகட்டிகள் வான்கோமைசினைக் கணிசமாக வெளியேற்றுவதால் ஒவ்வொரு டயாலிசிஸிலும் தவணை தேவைப்படுகிறது, இரத்தத்தில் அதன் அளவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய வாரம்-ஒரு-முறை வழக்கத்தைப் புதிய வடிகட்டியோடு தொடர்ந்தால் மருந்து போதாமலே போகும்.

வான்கோமைசினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா 1988-ல் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது. லண்டனில் அது கண்டறியப்பட்டது ஒரு சிறுநீரகப் பிரிவில்தான். 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், வான்கோமைசினுக்குப் பாதி இணங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கண்டறியப்பட்டது. பிறகு 2002 ஜூன் மாதம், அதே மிச்சிகனில், சர்க்கரை நோயும் காலில் ஆறாத புண்ணும் கொண்ட, டயாலிசிஸில் இருந்த 40 வயது நோயாளி ஒருவரின் கதீட்டர் வெளிவரும் இடத்தில், வான்கோமைசினை முழுமையாக எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உலகிலேயே முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. அவருடைய உடலில் வான்கோமைசினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸும் குடியிருந்தது. அதன் எதிர்ப்பு மரபணு அப்படியே ஸ்டஃபைலோகாக்கஸுக்குக் கைமாறியிருந்தது. நல்வாய்ப்பாக அந்த வகை பெருமளவில் பரவவில்லை. ஆனால் இந்த நிகழ்வுகள் தற்செயலாக டயாலிசிஸ் நோயாளிகளிடம் வந்து சேரவில்லை. தோலைத் துளைத்து நிற்கும் குழாய், நலிந்த எதிர்ப்பாற்றல், அடிக்கடி மருத்துவமனை வாசம், திரும்பத் திரும்ப வான்கோமைசின் ஆகிய அனைத்தும் ஒரே உடலில் கூடும் இடம் இது. இரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று வரும் வாய்ப்பு, மற்ற பெரியவர்களோடு ஒப்பிட டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 100 மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

உங்கள் அக்காவுக்கு முந்தைய இரு முறை காய்ச்சல் இறங்கியதற்கும் இதில் விடை இருக்கக்கூடும். குழாயின் உட்சுவரில் கிருமிகள் ஒரு வழவழப்பான படலத்துக்குள் புதைந்து வாழும். இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளை மருந்து கொன்றதும் காய்ச்சல் இறங்கும், படலத்துக்குள் இருப்பவை தப்பிவிடும். அவற்றைக் கொல்ல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்தளவு தேவைப்படலாம். குழாயை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கற்பாதை எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவன். தாழை அவர்களே, குழாயை எடுக்க நீங்கள் தயங்குவதை நான் உள்ளிருந்து அறிவேன். அது போனால் அடுத்த டயாலிசிஸ் எப்படி என்ற அச்சம் நோயாளியை வாயடைத்துவிடும். எனக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. இரத்தத்தில் வந்தபோது, 'மருந்திலேயே சரியாகிவிடும், குழாய் இருக்கட்டும்' என்று கெஞ்சியவன் நான்தான். கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாம் வாரம் இடுப்புக்கு மேலே வலி தொடங்கியது. இருக்கையில் நீண்ட நேரம் உட்காருவதால் வரும் வலி என்று நானே முடிவுசெய்து பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கால் மரத்த பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பில் தொற்றும், தண்டுவடத்தின் அருகே சீழும் இருந்தன. அறுவை சிகிச்சை, எட்டு வாரம் மருந்து, இன்றுவரை ஊன்றுகோல்.

ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள்: சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வரை, புதிய முதுகுவலியோ மூட்டுவலியோ மூச்சுவாங்கலோ வந்தால், அது எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும் அன்றே சொல்ல வேண்டும். இதய வால்வுகளில் கிருமி தங்கியிருக்கிறதா என்று எக்கோ பார்த்தார்களா? மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் மீண்டும் இரத்தம் எடுத்துக் கிருமி நீங்கியதை உறுதிசெய்தார்களா? இந்த இரண்டையும் கேட்காமல் விடாதீர்கள்.

நெடுவழி எழுதியது:

டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் குழாய்க்குள், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினுக்குப் பதிலாக ஆன்டிபயாட்டிக்கையே நிரப்பி மூடிவைத்தால் தொற்று வராது என்று கேள்விப்பட்டேன். ஏன் எல்லா இடங்களிலும் அப்படிச் செய்வதில்லை?

வெண்பஞ்சு எழுதியது:

செய்து பார்த்திருக்கிறார்கள் அண்ணா. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து நிரப்பியபோது தொற்றுகள் குறைந்தன. ஆனால் சில மையங்களில் மாதங்கள் கடந்ததும் ஜென்டாமைசினை எதிர்க்கும் கிருமிகளால் தொற்றுகள் வரத் தொடங்கின, உயிரிழப்புகளும் நேர்ந்தன. குழாய் நுனியிலிருந்து ஒவ்வொரு முறையும் சிறிதளவு உடலுக்குள் கசிவதால் காது கேட்கும் திறனும் சிலருக்குப் பாதிக்கப்படலாம். இதனால் ஆன்டிபயாட்டிக் வகையைச் சேராத, எதிர்ப்பு எளிதில் உருவாகாத டாரோலிடின் போன்றவற்றின் மீது இப்போது நம்பிக்கை வைக்கிறார்கள். அதையும் ஹெபாரினையும் சேர்த்த கலவைக்கு அமெரிக்காவில் 2023 நவம்பரில் அனுமதி கிடைத்தது. பரிசோதனையில் கதீட்டர் வழி இரத்தத் தொற்று 71 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் கலவை எதுவானாலும், மூடியைத் திறக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் பிரிவில் நாங்கள் மாற்றியது மூன்றுதான்: மூடியைக் கழற்றிய பின் குழாயின் வாயை நன்றாகத் தேய்த்து, உலரும்வரை காத்திருந்து இணைப்பது, குழாய் வெளிவரும் இடத்தை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் துடைப்பது, ஒருவர் வேலையை இன்னொருவர் நின்று பார்த்துக் குறிப்பது. மூன்றாவதுதான் கடினமாக இருந்தது, எங்களுக்குள் மனத்தாங்கலும் வந்தது. அதுவே அதிகப் பயனும் தந்தது. ஒரு நாள் அவசரத்தில் உலரும்முன் இணைக்கப் போன என்னையே தடுத்தது என் இளைய பணியாளர்தான்.

ஆழி எழுதியது:

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. வெளியேறும் திரவம் கலங்கியிருந்தால் அந்தப் பையைக் கொட்டிவிடாமல் அப்படியே மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்து கலப்பதற்கு முன் அந்தத் திரவத்திலிருந்து கல்ச்சர் எடுக்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால், மேலே வெண்பஞ்சு அக்கா சொன்ன அதே குழப்பம்தான் இங்கும் வரும்.

கடைநிலா எழுதியது:

என் தந்தைக்குச் சிறுநீரில் சீழணுக்கள் இருப்பதாக அறிக்கை வந்ததால் மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. நாள் ஒன்றுக்கு 100 மில்லி கூடப் போவதில்லை. இதுவும் எதிர்ப்பை வளர்க்குமா?

அகல் எழுதியது:

வளர்க்கும். சிறுநீர் மிகக் குறைந்துபோன டயாலிசிஸ் நோயாளிகளில் தொற்றே இல்லாமல் சீழணுக்கள் தென்படுவது மிகச் சாதாரணம். அறிகுறி இல்லாதபோது அறிக்கைக்காக மருந்து கொடுக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கையை எதற்காக எடுத்தோம் என்று மருத்துவரிடமே பணிவாகக் கேளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் செஃபெபைம் போன்ற சில மருந்துகள் அளவு மிஞ்சினால் மனக்குழப்பத்தையும் தசைத் துடிப்பையும் கூட உண்டாக்கும் என்பதால், எதிர்ப்பு ஒன்றே இங்கு கவலை அன்று.

தாழை எழுதியது:

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பெர்ம்கேத்தை எடுத்துவிட்டார்கள். கற்பாதை ஐயா சொன்ன இரண்டையும் கேட்டோம். மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் கிருமி வளரவில்லை, எக்கோவில் வால்வுகள் தெளிவாக இருக்கின்றன. இடையில் ஒரு டயாலிசிஸுக்குத் தொடையில் தற்காலிகக் குழாய் போட்டு, பிறகு மறுபக்கக் கழுத்தில் புதிய பெர்ம்கேத் வைத்தார்கள். செஃபாசோலின் வாரத்தின் முதல் இரண்டு டயாலிசிஸ்களில் 2 கிராமும், இரண்டு நாள் இடைவெளி வரும் மூன்றாவதில் 3 கிராமுமாக, மொத்தம் நான்கு வாரம் போட வேண்டும். பழைய மையத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால், மருத்துவர் தவணைகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார். கோப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்ற வரியை அடித்துவிட்டு, செஃபாசோலின் ஒத்துக்கொண்டது என்று தேதியோடு எழுதினார்.

மையத்துக்குத் திரும்பிய முதல் நாள், கல்ச்சர் பாட்டில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த இளம் பணியாளர் உள்ளே போய்த் தேடி, இரண்டு எடுத்து வந்து காட்டினார். ஒன்றின் காலாவதித் தேதி தாண்டியிருந்தது. புதியவை வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார், வியாழக்கிழமை மறுபடி பார்ப்பேன். அடுத்த மாதம் அக்காவின் மேற்கையில் ஃபிஸ்டுலா முயல்கிறார்கள். அது முதிரும்வரை கை நரம்புகளைக் காப்பது எப்படி, இரத்தப் பரிசோதனைக்கு எங்கிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வெண்பஞ்சு அக்கா எழுதினால் உதவியாக இருக்கும்.

வெண்பஞ்சு எழுதியது:

அந்தக் கையில் ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் கூடாது என்று இன்றே ஒரு துணிப்பட்டை கட்டிவிடுங்கள். சோதனைக்கான இரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும்போது குழாய்ச் சுற்றிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். வேறு நாளில் அவசரம் என்றால் மறுகையின் புறங்கை நரம்பு மட்டும். வியாழக்கிழமை பாட்டில் வந்ததா என்று எழுதுங்கள் தாழை.